பின் சீட்டு வாடை

மூக்கர் பட்டறை எங்கே என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளையும் வழி சொல்லும். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் வரும். மற்றபடி மூக்கர், மூக்கண்ணன், கோபம் வந்த வாடிக்கைக்காரருக்கு வெறும் மூக்கு. இத்தனைக்கும் அது ஒன்றும் எடுப்பான மூக்கு இல்லை. சப்பை மூக்கு. கண்ணாடி போட்டால் வழுக்கிக்கொண்டு வாய்க்கு வந்துவிடும். அந்தச் சப்பை மூக்கை நம்பித்தான் ஊரில் பாதிக் கார்கள் ஓடின.

ஒரு வண்டி வாசலில் வந்து நிற்கும். ஓட்டி வந்தவர் இறங்கித் தன் புராணத்தை ஆரம்பிப்பதற்குள் மூக்கர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி ஓர் இழுப்பு இழுப்பார். "கிளட்ச் தீஞ்சிருக்கு. ஹேண்ட் பிரேக்க எடுக்காமலே ஓட்டுறது யாரு, நீங்களா வீட்டுக்காரம்மாவா?" வந்தவர் அசடு வழிவார். பேட்டரி கொதித்தால் அழுகின முட்டை, ரேடியேட்டர் கசிந்தால் திகட்டுகிற ஓர் இனிப்பு, ஆயில் சூடான புகைக்குழாயில் சொட்டினால் கருகின தோல் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. ஒரு முறை ஒரு வக்கீலின் காருக்குள் தலையை விட்டவர், "சார், வண்டியில ஒரு குறையும் இல்லை, சீட்டுக்கு அடியில எலி செத்துக் கிடக்கு" என்றார். கிடந்தது. வக்கீல் மூக்கின் மேல் விரலை வைத்தார். அந்த நாற்றத்துக்கு விரலை வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

பெட்ரோல் குழாயில் கை வைத்தால் மற்ற பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. இணைப்பைத் துடைத்து, உலர்ந்த துணியைச் சுற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். துணி நனைந்தால் கசிவு. மூக்கருக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. இன்ஜினை முறுக்கச் சொல்லுவார், மண்டி போடுவார், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இழுப்பு. "மூடலாம்" என்பார். அதற்கப்புறம் டார்ச்சைத் தேடுகிற தைரியம் யாருக்கும் வராது. "கண்ணு ஏமாத்தும், மூக்கு ஏமாத்தாது" என்பது அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வசனம்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தார். காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. எழுந்த அன்று காபி வெறும் சுடுதண்ணீராகத் தொண்டையில் இறங்கியது. பட்டறைக் கதவைத் தூக்கியதும் முகத்தில் அடிக்கும் நெடி, ஆயிலும் ரப்பரும் பெட்ரோலும் கலந்து இத்தனை வருஷமாக அவரை 'வா' என்று கூப்பிட்ட நெடி, அங்கே இல்லை. யாரோ பட்டறையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது போல இருந்தது. பெட்ரோல் டப்பாவைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். கண் எரிந்தது. வாடை இல்லை.

யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தார். "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். "இதையே நான் ஒரு வண்டிக்குச் சொன்னா என்னைய உதைப்பாங்க டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெளியே வந்தார்.  வாசலில் நின்ற யாருடைய சைக்கிளையோ பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, பெண்டாட்டியிடம்கூட. மனிதர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். மூக்கு போன மூக்கரை எவன் தேடி வருவான்? இருக்கிற பெயரே கேலிப் பெயராகிவிடுமே என்று நினைத்து நினைத்து மருகினார். கெட்டவன் செய்கிற காரியத்தையாவது நாலு பேர் கண்காணிப்பார்கள். பயந்தவன் செய்கிற காரியத்தை யாரும் கவனிப்பதில்லை. அதனாலேயே அது தூரம் போகிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை ஆரம்பமாயிற்று. "என்ன வாடை வருதுன்னு நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்று வருகிறவர்களுக்குப் பரீட்சை வைத்தார். அவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். காது இருந்தது, கை இருந்தது, பழக்கம் இருந்தது. பெரும்பாலும் ஒப்பேறியது. மண்டி போடுவதையும் கண்ணை மூடுவதையும் அந்த இரண்டு இழுப்பையும் மட்டும் விடவில்லை. விட்டால் ஜனம் ஏன் என்று கேட்குமே.

பட்டறையின் மறுபாதியில் டிங்கர் இருந்தார். நசுங்கின கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறவர், மூக்கரைவிடச் சில வயசு இளையவர். ஒரு நாள் அவர் வெல்டிங் வைத்தபோது தெறித்த பொறி ஓர் ஆயில் துணியில் விழுந்து புகைய ஆரம்பித்தது. அந்தத் துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கை எட்டும் தூரத்தில், மூக்கர் நட்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். டிங்கர் ஓடி வந்து மிதித்து அணைத்தார்.

"என்னண்ணே, முதுகுக்குப் பின்னாடி கருகுது, நீங்கபாட்டுக்கு உக்காந்திருக்கீங்க?"

"சளிப்பா."

 அன்றிலிருந்து டிங்கர் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். மூக்கர் அந்த வாளியைப் பார்க்காதவர் போலவே இருந்தார்.

இப்படியிருக்கும்போதுதான் மகளும் மாப்பிள்ளையும் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகளுக்கு நாலாம் மாதம். மாதா மாதம் டாக்டரம்மாவைப் பார்க்கக் கீழே வருவார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்கு வந்து, மேல்மாடியில் இருக்கும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பட்டறைக்கு மேலேயே வீடு இருப்பதில் மூக்கரின் மனைவிக்கு எப்போதும் ஒரே புகார்தான். துவைத்த துணியில்கூட கிரீஸ் வாடை.

"மாமா, வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று மாப்பிள்ளை கீழே இறங்கும்போதே ஆரம்பித்தார். "லிட்டருக்குப் பதினாறு குடுத்துட்டு இருந்த வண்டி, இப்போ பத்தைத் தாண்ட மாட்டேங்குது. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிருந்தா வயசாச்சுன்னு விட்டுடலாம். இது மாடியிலருந்து குதிச்ச மாதிரி ஒரேடியா இறங்கிடுச்சு."

"எப்போலருந்து மாப்பிள்ளை?"

எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மூக்கர் வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"போன தடவை வந்துட்டுப் போனதுலருந்துதான். நீங்க பெட்ரோல் பம்ப் மாத்திக் குடுத்தீங்களே, அதுக்கப்புறம்."

மாப்பிள்ளை அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் தேதி சொல்வது போலத்தான் சொன்னார்.  "ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்" என்று மூக்கர் பானெட்டைத் தூக்கிக்கொண்டு அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மகள் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை மடியில் கட்டிக்கொண்டு பின்சீட்டிலிருந்து மெல்ல இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, பின்னாடி உக்காந்தா பெட்ரோல் வாடை குடலைப் புரட்டுதுப்பா. ஏத்தத்துல போறப்போ தலையே வலிக்குது."

"பம்ப் மாத்தினா ரெண்டு நாள் வாடை இருக்கும்னு மாமா அன்னைக்கே சொன்னாருல்ல?" என்றார் மாப்பிள்ளை.

"ரெண்டு நாளா? ஒரு மாசம் ஆகுது."

"உனக்கு இப்போ எதுதான் நாறலை? தோய்ச்சு மடிச்ச சட்டைய நேத்து தூக்கி வெளிய போட்டியே."

மாடிப்படியில் நின்ற மூக்கரின் மனைவி சிரித்துவிட்டாள். "இவ வயித்துல இருந்தப்போ உங்க மாமா படியேறி வர்ற சத்தம் கேட்டாலே எனக்கு ஓங்கரிக்கும். அம்மாவைத் தப்பாம வந்திருக்கா."

"இதுக்கு ஏன் தகராறு?" என்றார் மாப்பிள்ளை. "வீட்டுலயே மூக்கை வெச்சுக்கிட்டு! மாமாவே உக்காந்து பார்த்துச் சொல்லட்டும்."

எல்லாரும் மூக்கரைப் பார்த்தார்கள். டிங்கர்கூடச் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

மூக்கர் கையைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணை மூடினார். இரண்டு இழுப்பு. காற்று உள்ளே போய்க் காற்றாகவே திரும்பி வந்தது. கண்ணோரம் மட்டும் லேசாகக் கரித்தது. அதை வியர்வை என்று சொல்லிக்கொண்டு சட்டைக் கையால் ஒற்றினார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வெளியே நின்றவர்கள் யார், வேற்று மனிதர்களா? ஒரு நிமிஷம் சிரித்திருப்பார்கள், ஒரு நாள் வருத்தப்பட்டிருப்பார்கள், முடிந்திருக்கும். கண்ணாடிக்கு அப்பால் மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயசில் பாலை ஒரு வாய் குடிப்பதற்கு முன் டம்ளரை அவரிடம் நீட்டி, "அப்பா, இது திரிஞ்சிருக்கா?" என்று கேட்கிற பிள்ளை. அவர் சரியென்றால்தான் குடிப்பாள். அந்தப் பார்வையை இழக்க அவருக்கு மனசு வரவில்லை. அதுதான் நிஜம்.

கதவைத் திறந்தார். "ஒண்ணும் இல்லைம்மா. மசக்கைதான்."

"சரிப்பா" என்றாள் மகள்.  தலையணையைக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் மூக்கர் வேலையைச் சுத்தமாகத்தான் பார்த்தார். டயர் நாலிலும் காற்று பார்த்தார். ஒன்றில் கொஞ்சம் குறைவு; அதற்கு இவ்வளவு மைலேஜ் விழாது. ஜாக்கி வைத்துத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிவிட்டார். பிரேக் எங்கும் பிடிக்கவில்லை. ராட்டினம் போலச் சுற்றின. ஏர் ஃபில்டர் புதுசு மாதிரி இருந்தது. ப்ளக்கைக் கழற்றினார். இன்ஜின் பெட்ரோலைக் கண்டபடி குடித்தால் ப்ளக் நுனி அடுப்புக்கரியாகக் கறுத்திருக்கும். இதுவோ நாலும் பிஸ்கட் நிறத்தில், பாடம் எடுக்கலாம் போல அழகாக இருந்தது.

ப்ளக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். சக்கரம் பிடிக்கவில்லை. இன்ஜின் அதிகமாகக் குடிக்கவில்லை. அப்படியானால் பெட்ரோல் எங்கே போகிறது? இந்தத் தொழிலில் நேற்று சேர்ந்தவனும் சொல்லிவிடுவான். அவருக்கு அது தெரிந்துவிட்டது, அந்த நிமிஷமே. தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொள்ள மனிதனால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். டேங்க்கின் அடி உலர்ந்திருந்தது. உலர்ந்திருப்பதைக் கண்டு அவருக்கு ஏற்பட்ட ஆறுதல் ஒரு மெக்கானிக்கின் ஆறுதல் இல்லை. பம்ப் டேங்க்கின் மேல்பக்கம் இருக்கிறது. இன்ஜின் ஓடினால்தான் அங்கே அழுத்தம் ஏறும், அப்போதுதான் கசியும். நின்ற வண்டியின் அடியில் படுத்து மேலே தேங்குவதைப் பார்க்க முடியாது. அதற்குப் பின்சீட்டைத் தூக்க வேண்டும். தூக்கினால், "இப்போதானே மோந்து பார்த்து இல்லைன்னீங்க?" என்று கேட்பார்கள். நாலு பேர் நடுவில் மூக்கு உடையும்.

அவர் தூக்கவில்லை.

"காத்து குறைஞ்சிருந்துச்சு மாப்பிள்ளை, ப்ளக்கும் துடைச்சு மாட்டிட்டேன்" என்றார். "போற வழியில டேங்க்க நிறைச்சுக்குங்க. நிறைச்சாதான் கணக்கு சரியா வரும். அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

மாப்பிள்ளை தலையாட்டினார். எல்லாரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார்கள். மூக்கர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெயில் தாழ்வதற்கு முன்பே மலை ஏறிவிட வேண்டும் என்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மகள் பின்சீட்டு ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்திருந்தாள்.

மூக்கர் கீழே வேலை பார்க்காமல் மாடிக்கு வந்து உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே கட்டிலைத் தட்டிப்போட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று தலையணையோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, இதை விட்டுட்டுப் போயிட்டா. என்ன இது, இதுல இப்படிப் பெட்ரோல் நாறுது? காருக்குள்ள வெச்சிருந்ததுக்கே இப்படின்னா... நீங்க இல்லைன்னீங்களே?"

"எங்க, குடு."

அவள் நீட்டினாள். அவர் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு இழுத்தார். இன்னொரு முறை, பலமாக. பஞ்சின் தூசி மட்டும் தொண்டையில் ஏறியது.

"லேசா வருது" என்றார்.

"லேசாவா?" அவள் குரல் இறங்கிவிட்டது. அவர் முகத்தையே பார்த்தாள். "போன வாரம் பால் பொங்கிச் சட்டி தீஞ்சப்போ அடுப்புக்குப் பக்கத்துலதானே நின்னீங்க. நான் மொட்டைமாடியிலருந்து ஓடி வந்தேன். போன்ல யார்கூடவோ பேசிட்டு இருந்தீங்க, அதான் கவனிக்கலைன்னு நெனச்சேன்."

மூக்கர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் அவருடைய போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அவளைக் கூப்பிடுங்க" என்றாள். 

மாப்பிள்ளை எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத மனிதர் அவர். நல்ல பழக்கம், மூக்கரே மெச்சிய பழக்கம். மகளின் போன் அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். நிறைத்த டேங்க், ஏற்றம், முறுக்கி ஓடுகிற இன்ஜின், பம்புக்குப் பக்கத்திலேயே போகிற கரண்ட் ஒயர். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்து நின்றன. பம்புக்கு மேல் ஒரு தகர மூடி, அதன்மேல் ஒரு கம்பளம், அதன்மேல் ஒரு பஞ்சு மெத்தை, அதன்மேல் அவர் மகள். பொறி பறக்கப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒயர் முனை கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும். அந்த முனையையும் மாட்டியது அவர்தான்.

மூன்றாவது முறை மகள் எடுத்தாள். தூக்கக் குரல்.

"அப்பா... தலை சுத்துதுப்பா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"வண்டிய நிறுத்தச் சொல்லும்மா. உடனே. சாவிய அணைச்சிட்டு வேற ஒரு சுவிச்சையும் தொடாம இறங்குங்க. இறங்கித் தூரமா போங்க."

போனை அவள் ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "என்ன மாமா, கொண்டை ஊசி வளைவுல இருக்கோம். இங்க எங்க நிறுத்துறது? மேல போய்ப் பேசறேன்."

"பெட்ரோல் கசியுது மாப்பிள்ளை. பின்சீட்டுக்கு அடியில."

மாப்பிள்ளை சிரித்தார். "நீங்கதானே உள்ள உக்காந்து ரெண்டு தடவை மோந்துட்டு இல்லைன்னீங்க? உங்க மூக்குக்கு மேல ஒரு மூக்கு இருக்கா?"

மூக்கர் வாயைத் திறந்தார். மனைவி எதிரே நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது நாக்கு நுனிவரை வந்து ஒட்டிக்கொண்டது. போனுக்குள் இன்ஜின் உறுமி ஏறிக்கொண்டிருந்தது.

"எனக்கு வாசனை தெரியாது மாப்பிள்ளை" என்றார். "மூக்கு செத்துப்போச்சு. அன்னைக்கு பம்ப் மாத்தினப்பவே செத்துப்போச்சு. நான் பார்க்காம மூடிட்டேன். காலைல பொய் சொன்னேன். நிறுத்துங்க. உங்க கால்ல விழறேன், நிறுத்துங்க."

 இன்ஜின் சத்தம் இறங்கி நின்றது. கதவுகள் திறந்தன. பிறகு லைன் அறுந்தது.

மூக்கர் டிங்கருடைய பழைய வேனில் ஏறிக் கிளம்பினார். டிங்கர்தான் ஓட்டினார்.  சீட்டுக்குப் பின்னால் அந்த வாளியும் ஒரு மூட்டை மணலும் இருந்ததை மூக்கர் பாதி வழியில்தான் பார்த்தார். இந்த முறை பார்க்காதவர் போல இருக்க முடியவில்லை.

கார் வளைவு தாண்டி ஓரமாக நின்றிருந்தது. மகள் வெகுதூரம் தள்ளி, ஒரு மைல்கல்லில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவளுக்கும் காருக்கும் நடுவில் நின்றார். மூக்கர் வந்ததும் வழக்கமாக வருகிற "வாங்க மாமா" வரவில்லை.

மூக்கர் பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினார். பின்சீட்டைத் தூக்கினார். கம்பளம் ஓரத்தில் ஈரம். தகர மூடியின் திருகுகளைக் கழற்றி மூடியை மெதுவாக எடுத்தார். பம்பைச் சுற்றியிருந்த பள்ளத்தில் ஏதோ தளதளவென்று நின்றது. குழாயைப் பிடிக்க வேண்டிய கிளிப் அதன் நுனியிலே கோணலாகத் தொத்திக்கொண்டிருந்தது. பளிச்சென்று கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு முறை டார்ச் அடித்திருந்தால் போதும்.

ஒரு விரலை அந்த ஈரத்தில் தொட்டு வெளியே நீட்டினார்.

"மாப்பிள்ளை, இது என்னன்னு மோந்து சொல்லுங்க."

மாப்பிள்ளை அந்த விரலைப் பார்த்தார். குனிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அது பெட்ரோலாலா கோபத்தாலா என்று மூக்கர் கேட்கவில்லை. டிங்கர் மணலை அள்ளிக் கொட்டத் தொடங்கினார்.

மகளிடம் போகத்தான் அவருக்குக் கால் வரவில்லை. போனார். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் போய் நின்றவர், "அம்மாடி" என்றார். 

"எனக்கு வாடை வந்துச்சுன்னு சொன்னேன்லப்பா" என்றாள் அவள். "நீ இல்லைன்னதும் எனக்கே வாடை வரலைன்னு ஆயிடுச்சு. வர்ற வழியெல்லாம், வாடை இல்லை, வாடை இல்லை, எல்லாம் மசக்கைன்னு எனக்கு நானே சொல்லிட்டே வந்தேன்."

மூக்கர் அழுதார். நடுரோட்டில், போகிற வருகிற வண்டிக்காரர்கள் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மாப்பிள்ளைக்கும் டிங்கருக்கும் தோன்றாத ஒன்றை அவள்தான் கேட்டாள்.

"காய்ச்சலுக்கு அப்புறம் இந்த மாதிரி எத்தனை வண்டிய மோந்து மூடினே?"

அழுகை அப்படியே நின்றுவிட்டது. அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். ஒரு டாக்ஸிக்காரருக்கு பெட்ரோல் ஃபில்டர். ஒரு நர்ஸம்மாவின் காருக்கு டேங்க் குழாய். அதற்கப்புறம் போன வாரம், அவசரமாக வேண்டுமென்று பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டு போனது. அந்த விரலை அவர் மடக்கவில்லை. திரும்பி வெயிலைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

மூக்கர் போட்ட போன் உடனே எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் ஒரு வேனுக்குள் பிள்ளைகள் சண்டை போடுவதும் பாடுவதும் ஒன்றாகக் கேட்டது.

"சொல்லுங்க மூக்கண்ணே!" என்று கத்தினார் பள்ளிக்கூட வேன் டிரைவர். "என்ன, அங்கேருந்தே என் வண்டிய மோந்துட்டீங்களா?"

"வண்டிய ஓரமா நிறுத்துப்பா. பிள்ளைங்கள இறக்கு."

"ஏண்ணே? நீங்கதானே மண்டி போட்டுப் பார்த்து, மூடலாம்னீங்க?"

"எனக்கு மூக்கு இல்லைப்பா. காய்ச்சல்ல போயிடுச்சு. அன்னைக்கு நான் சும்மா குனிஞ்சேன். முதல்ல பிள்ளைங்கள இறக்கு."

வேன் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "டேய் பசங்களா, மூக்கருக்கு மூக்கு இல்லையாம்டா!" என்றார். பிள்ளைகளும் ஓவென்று சிரித்தார்கள். வண்டி நிற்கவில்லை. மூக்கர் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.